தன்வினை, பிறவினை

அப்பாவின் பாண் ஓட்டோ
நாவற்குடாவால் திரும்பிக் கல்லடி வேலூருக்குள் நுழையும் நேரம்
நான் ஒரு வினைச்சொல்லை
ஆறு இடங்களில் திருகிக்கொண்டிருப்பேன்.
விடுமுறைக்கு வந்தும் விடாத வினைகள்.
டெல்லியில் மூன்றாம் வருடம்.
பாடம்: ஸ்பானிய மொழியும் சமூகமும்.

"அதைப் படிச்சு?" என்பார்கள் ஒழுங்கையில்.
படிப்பித்தல், மொழிபெயர்ப்பு என்று இழுப்பேன்.
"மறுகா?"
டொக்டருக்குப் படித்தால் மறுகா இல்லை.
எக்கவுண்ட்ஸ் என்றாலும் இல்லை.

அப்பா கேட்டது ஒன்றே ஒன்று,
ரோஸ்ட் பாணைக் கண்ணாடிக்குள் அடுக்கியபடி:
"அவங்கட பாஷையில பாணுக்கு என்னகா பேர்?"
"பான்."
"பாணா?"
"கிட்டத்தட்ட."
அன்று மாலைவரை ஒவ்வொரு படலையிலும் நிறுத்திச் சொன்னாராம்:
என்ட மகள் படிக்கிற பாஷையை
நான் இருபது வருஷமா விக்கிறன்.

பிறகு வீட்டைத் துழாவினோம்.
மேசை, மெசா. சப்பாத்து, சப்பாத்தோ.
வாங்கு பாங்கோவாம், குசினி கொசினாவாம்.
போர்த்துக்கேயன் விட்டுப்போன சாமான்களுக்கு
அடுத்த வளவில் ஒரு சகோதரி இருந்திருக்கிறாள்.
அம்மா இந்த விளையாட்டுக்கு வரவில்லை.
அலுமாரி என்றபோது மட்டும் நிமிர்ந்தாள்.
அதன் மேல்தட்டில்தான்
பொலித்தீன் உறைக்குள் மூர்த்தி மாமா:
அடையாள அட்டைப் பிரதி,
முறைப்பாட்டு இலக்கங்கள்,
மூன்று ஆணைக்குழுக்கள் கொடுத்த மூன்று நிறத் துண்டுகள்.
தொண்ணூறாம் ஆண்டு, ஆவணி.
சைக்கிள் மட்டும் திரும்பி வந்தது.

வகுப்பில் இனெஸ் ஒரு சொல்லை எழுதினார்.
தேசப்பரேசெர்.
மறைதல்.
"தன்வினை. மழை மறையும். கப்பல் மறையும்.
செயப்படுபொருள் ஏற்காது," என்றார்.
ரொசாரியோவில் பிறந்தவர்.
சோக்கட்டியைக் கை மாற்றிக்கொண்டு
அதன் கீழே இன்னொரு வாக்கியம் எழுதினார்.
தமிழில் அது இப்படி வரும்:
அவனை மறைந்தார்கள்.
பின்வாங்கிலிருந்து ஒருத்தன் கைதூக்கினான்,
"மேடம், இது பிழையல்லவா?"
"பிழைதான். எழுதிக்கொள்."

என் கொப்பியின் ஓரத்தில் எழுதினேன்:
காணாமற் போனார்.
கீழே: காணாமல் ஆக்கப்பட்டார்.
ஒரு 'போ'வை வெட்டி அந்த இடத்தில் 'ஆக்கு' என்று போடுவதற்கு
அம்மா எத்தனை தரம்
காந்திப் பூங்கா வெயிலில் படத்தோடு நின்றாள்!
வினையின் வகை மாற அவ்வளவு காலம் எடுக்கும்.
இடைவேளைக்கு எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள்.
நான் இருந்தேன்.

இதை அவளுக்குச் சொன்னேன்,
பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.
"அந்தத் தாய்மார் மட்டையில என்ன எழுதிப் பிடிச்சவ?"
"தோந்தே எஸ்தான். எங்க இருக்கிறாங்க."

மறுபடி மறுபடி கேட்டதால் இலக்கணமும் சொன்னேன்.
அவர்களிடம் இரண்டு 'இரு' உண்டு.
ஒன்று நீ யார் என்பதற்கு,
மற்றது எங்கே, எப்படி என்பதற்கு.
கடைசி 'ன்' பலருக்கு; ஒருவருக்கென்றால் எஸ்தா.
"உயிரோட இருக்கான் எண்டு சொல்ல?"
"ரெண்டாவது."
"செத்துக் கிடக்கான் எண்டு சொல்ல?"
"அதுவும் ரெண்டாவதுதான்."
கத்தி நின்றது.
"ரெண்டுக்கும் ஒண்டோ," என்றாள்.
பிறகு, "நல்ல பாஷை."

மறுநாள் ஓட்டோச் சாவியைக் காணவில்லை.
"தோந்தே எஸ்தா சாவி?" என்று குசினிக்குள்ளிருந்து குரல்.
அப்பா சிரித்துச் சிரித்துச் சில்லறையைக் கொட்டிவிட்டார்.

இரவு அலுமாரி திறக்கும் சத்தம்.
உறை சரசரத்தது.
மெல்லத்தான் சொன்னாள், எனக்கென்று சொல்லவில்லை:
"மூர்த்தி, தோந்தே எஸ்தான்."

அங்கே பலருக்குப் போடும் 'ன்'னை
நாங்கள் ஒருவனுக்குப் போடுகிறோம்.
பிழைதான்.
எழுதிக்கொண்டேன்.